கொமினிகேசன் கடையில் ஒரு கொள்கைக் கூட்டம்

1. ஒரே ஒரு லைன்

கொழும்புக் கல்வி அமைப்பு ஒன்றோடு நான் கலந்துகொண்ட முதல் கூட்டம் சண்டையில்தான் தொடங்கியது. கல்விக் கொள்கை பற்றிய சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். டெலிபோனுக்கு நடந்த சண்டை.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய காலம் அது. பசறை டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உப அதிபராக இருந்தேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இனி ஓய்வூதியம்வரை இதே மணி, இதே பிரம்பு, இதே சுண்ணாம்புத் தூசி என்று நினைத்திருந்த நேரத்தில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கொழும்பில் இருந்த ஒரு கல்வித் தொண்டு நிறுவனம், வேலையில் பாதித் தூரம் வந்துவிட்ட ஆசிரியர்களுக்குக் கொள்கை வேலை பழக்கப்போகிறதாம். இருக்கிற வேலையை விட வேண்டாம், ஊரைவிட்டு வரவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் டெலிபோனிலும் பெக்ஸிலும் அவர்களுக்கு வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் லைனில் சேர்ந்து கூட்டம். வருட முடிவில் அரசாங்கத்திடம் கொடுக்கிற மாதிரி ஒரு பரிந்துரை. இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ரெசிடென்சி. விண்ணப்பித்தேன், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

"ரெசிடென்சின்னா தங்க ரூம் குடுப்பாங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"நம்ம வீட்டுலயேதான் தங்கணுமாம்."

"அதுக்கு எதுக்கு இன்டர்வியூ?" என்றார் மனிதர்.

எடுபட்டேன். வலயக் கல்விப் பணிப்பாளர் பெரிய மனது பண்ணி வாரத்தில் இரண்டு நாள் என்னைப் பாடசாலையிலிருந்து விடுவித்தார். எல்லாம் சரி, வீட்டில் டெலிபோன் இல்லை. பாடசாலை டெலிபோன் அதிபரின் அறையில் பூட்டிக் கிடக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சொல்லவே வேண்டாம். ஆகவே பஜாரில் பாரூக் நானாவின் கொமினிகேசன் கடைதான் என் ஒபிஸ். ஒரு போட்டோகொப்பி மெசின், ஒரு கம்பியூட்டர், கதவு கழன்ற ஒரு கூண்டு, அதற்குள் ஒரு டெலிபோன். ரிசீவரில் சரியாகக் கேட்காது என்பதால் நானா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். ஆக, அங்கே ரகசியம் பேசிய ஒருவரும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துக்கு லீவு. மலையிலிருந்து ஜனங்கள் சாமான் வாங்க டவுனுக்கு இறங்குகிற நாள். கொழும்பில் வேலை செய்கிற புருசனோடும் பிள்ளைகளோடும் பேசுகிற நாளும் அதுதான். நான் அந்த ஒரே லைனைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலும் புத்தளத்திலும் என்னைப்போல எடுபட்ட ஆசிரியர்களோடும் கொழும்போடும் கொள்கை பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் விடுவார்களா?

"என்னா டீச்சர், இன்னும் முடியலையா? எங்க வீட்டுக்காரரு அங்கிட்டு போன் பக்கத்துலயே நிக்கிறாரு. மொதலாளி ஏசுவாரு டீச்சர்!"

இப்படிக் கத்தியவள் சரஸ்வதி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மலை உச்சிப் பிரிவான மேல்டிவிசனில் கொழுந்து எடுக்கிறவள். அவளுடைய கணவர் முருகையா கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர், எல்லோர் முகத்திலும் என்மேல் கொலைவெறி.

ஸ்பீக்கரிலிருந்து எங்கள் பொறுப்பாளர் புனிதவதி மிஸ்ஸின் குரல் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். "ராஜேஸ்வரி, உங்கட பக்கம் என்ன சத்தம்? ஆரோ சண்டை பிடிக்கினம் போல கிடக்கு."

"பக்கத்துல மீன் கடை மிஸ்" என்று கூசாமல் சொன்னேன். வரிசை முழுவதும் என்னை முறைத்தது.

கடைசியில் நானாதான் சமாதானம் செய்து வைத்தார். கூட்டத்துக்கு நடுவே ஒரு இடைவேளை. அதில் வரிசையில் நிற்பவர்கள் பேசி முடிக்க வேண்டும், பிறகு நான் தொடர வேண்டும். கொழும்பில் இருந்தவர்கள் அதை நான் தேத்தண்ணி குடிக்கிற நேரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

2. யார் சிரிக்கிறது?

நான் எடுத்துக்கொண்ட விசயம் தோட்டப் பாடசாலைகளில் ஐந்தாம் தரத்தோடு படிப்பு நின்றுபோவது. சரஸ்வதியின் மேல்டிவிசன் பாடசாலையும் அந்த ரகம். ஐந்து வரைதான் வகுப்பு. அதற்குமேல் பசறைக்கு வர வேண்டும். ஆண் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். பெண் பிள்ளைகள் நின்றார்கள். நின்ற பிள்ளை லயத்து வீட்டில் தம்பி தங்கச்சியைப் பார்க்கும், இல்லையென்றால் கொழும்பில் யார் வீட்டுக்காவது வேலைக்குப் போகும்.

சரஸ்வதியின் மகள் கோகிலா அந்த வருடம் ஐந்தாம் தரம். முருகையா ஏற்கெனவே ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டார். கைக்குழந்தையைப் பார்க்கிற வேலை, நல்ல வீடு, சாப்பாட்டுக்குக் குறையில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஸ்பீக்கர். ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடைவேளையில் புருசனும் பெண்டாட்டியும் இதைத்தான் பேசினார்கள்.

"ஆறாம் வகுப்பு இல்லைனா பிள்ளை சும்மா வீட்டுல கெடந்து என்னா செய்யப்போகுது? வருசம் பொறந்ததும் கூட்டிட்டு வந்துர்றேன்" என்பார் அவர்.

"இருங்க, டீச்சர் என்னமோ கொழும்புக்கு எழுதுறாங்க" என்பாள் இவள். நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு பரிந்துரை. அதை யார் படிப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு புனிதவதி மிஸ் கொழும்பில் தயாரித்த வரைவை வாசித்தார். புதிதாக ஆறாம் தரம் திறப்பது செலவு. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் சீசன் டிக்கட் கொடுத்து டவுனுக்கு அனுப்பலாம். வாசித்து முடிக்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது.

"ராஜேஸ்வரி, ஆர் அது சிரிக்கிறது? மீன் கடையோ?"

இனி மறைக்க முடியாது. உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். "அவையையும் கதைக்கச் சொல்லுங்கோ" என்றார் மிஸ்.

சரஸ்வதி கூண்டுக்குள் தலையை நீட்டினாள். "போறதுக்கு பஸ் இருக்குங்க மிஸ். வர்ற பஸ்ஸு இருட்டுனதுக்கு அப்புறந்தான் சந்தியில எறக்கிவிடும். அங்கயிருந்து தேயிலைக்குள்ளாற நடக்கணும். சீசன் டிக்கட்டு வெளக்குப் புடிச்சிக்கிட்டு கூட வருமாங்க?"

அவளோடு எல்லோரும் ஒத்துப்போனார்கள் என்று நினைக்காதீர்கள். பின்னால் நின்ற ஒருத்தி, "ஆறாம் வகுப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், பதுளையில ஒரு ஹொஸ்டல் கட்டுங்க" என்றாள். "ஓம்பிள்ளைய அனுப்பு, நான் எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று சரஸ்வதி திரும்பினாள். பாரூக் நானா போட்டோகொப்பி மெசினை நிறுத்திவிட்டு, தன் மகளையும் பஸ்ஸில் அனுப்பமாட்டேன் என்றார். அவர் வீடு பாடசாலைக்கு எதிரில் இருந்தது. மன்னாரிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொள்கைக் கூட்டம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உற்சாகம் பிறந்தது.

புனிதவதி மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி, ஆறாம் தரம் திறந்தால் ஆர் படிப்பிக்கிறது?"

அங்கேதான் உதைத்தது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். மேல்டிவிசனுக்கு நியமனம் கிடைத்தவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே இடமாற்றத்துக்கு எழுதிவிடுவார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பைத் திறக்கச் சொல்லிப் பரிந்துரைக்க முடியாது என்று மிஸ் சொன்னதில் தப்பில்லை. சரஸ்வதியின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் வாயிலிருந்து வந்தது:

"மிஸ், நான் உங்களுக்கு முழுநேரமாவா வேலை செய்றேன்? வாரத்துல ரெண்டு நாள்தானே? என் வேலை, என் வீடு எல்லாம் பசறையிலதானே இருக்கு? அதே மாதிரி டவுன் ஸ்கூல் ஆசிரியர்களை ஆளுக்கு வாரத்துல ஒரு நாள் மேல அனுப்பினா என்ன?"

"எழுதுங்கோ" என்றார் மிஸ். "நாளைக்கே எழுதுங்கோ."

3. சதுரம் சதுரமாக

எழுதினேன். நானாவின் கம்பியூட்டரில் ஒரு விரலால் தட்டி, மூன்று இரவு உட்கார்ந்து எழுதியதை ஈமெயிலில் அனுப்பினேன். கொழும்பில் திறந்தால் ஒரு எழுத்தும் இல்லை, எல்லாம் சதுரம் சதுரமாக நிற்கிறதாம். எழுத்துருவை மாற்றி அனுப்பினேன். இந்த முறை பாதி சதுரம், பாதி கேள்விக்குறி. "இது எங்கட ஒபிஸில ஒருத்தருக்கும் விளங்காத கொள்கை, ராஜேஸ்வரி" என்றார் மிஸ். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் கையால் எழுதி பெக்ஸில் அனுப்பினேன். அது மாகாண அமைச்சுக்குப் போய், அங்கிருந்து செய்து பார்க்கலாம் என்ற குறிப்போடு எங்கள் வலயத்துக்கே திரும்பி வந்தது. பணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன டீச்சர் இது? ஒரு ஆசிரியர் ரெண்டு இடத்துல வேலை செய்றதா? அப்படி அமைச்சிலிருந்து வந்த சுற்றுநிருபமே இல்லையே."

"சார், என்னை ரெண்டு நாள் விடுவிச்சது எந்தச் சுற்றுநிருபம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். "வாய் உங்களுக்கு ரொம்பத்தான்" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். ஒரு வருடத்துக்குப் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்கலாம். ஒரே நிபந்தனை, ஆசிரியர்கள் விரும்பிப் போக வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் நான் இதைச் சொன்னதும் திடீரென்று எல்லோருக்கும் கொப்பி திருத்துகிற வேலை வந்துவிட்டது. மலை, மழை, அட்டைக்கடி என்று ஆளுக்கு ஒரு காரணம். நல்ல வேளையாக ஆங்கிலத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இரண்டு இளம் டீச்சர்மார் முன்வந்தார்கள். கணிதத்துக்குத்தான் ஆள் இல்லை. கணித ஆசிரியர் செல்வராஜ் சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"செவ்வாய்க்கிழமை போகலாமா?"

"போகலாம் சார். ஏன் செவ்வாய்?"

"அன்னிக்குத்தான் அதிபர் அசெம்பிளியில பேசுவாரு."

கல்விச் சேவையில் எத்தனையோ உயர்ந்த நோக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். இதைப்போல உடனடியாகப் பலன் கொடுத்த நோக்கம் வேறில்லை.

மேலே போக என்ன வழி என்று தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் கேட்டோம். காலையில் கொழுந்து ஏற்ற லொறி வெறுமையாகத்தான் மலைக்குப் போகிறது, அதில் முன் சீட்டைக் கொடுக்கிறேன் என்றார்.

4. செவ்வாய்க்கிழமை

வகுப்பு தைப்பொங்கலை ஒட்டித் தொடங்கியது. முதல் நாளே கணிதம். அன்றைக்குக் காலையில் பார்த்தா அப்படி ஒரு மழை பெய்ய வேண்டும்! நான் விடிவதற்கு முன்பே ஒரு முச்சக்கர வண்டிக்காரரைக் கெஞ்சி மேலே வந்துவிட்டேன். கோகிலாவோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் முதல் வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வாங்குகள் காலியாக இருந்தும் ஒரு பிள்ளையும் நகரவில்லை. தாய்மார் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். சரஸ்வதி அன்று அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போனாலும் பரவாயில்லை என்று வந்திருந்தாள். பொங்கலுக்கு ஊர் வந்திருந்த முருகையாவும் வந்திருந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரல் மட்டும் சொந்தக்காரர் குரல் மாதிரிப் பழகியிருந்தது.

மணி அடித்தது. செல்வராஜ் சார் வரவில்லை. வளைவில் மண் சரிந்து லொறி நிற்கிறதென்று கங்காணி வந்து சொன்னார்.

"நான் தப்பா சொல்லல டீச்சர்" என்றார் முருகையா மெதுவாக. "நீங்க பாடுபட்டீங்க. ஆனா மொத நாளே இப்படி இருந்தா வருசம் பூரா எப்படி? சாயந்தரம் பஸ்ஸுக்கு நான் போறேன். பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிர்றேனே. அந்த வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

சரஸ்வதி தலையில் கிடந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு மலைப் பாதையையே பார்த்தாள். உள்ளே கோகிலா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழே தேயிலைக்குள் ஒரு குரல். முதலில் குடை தெரிந்தது, பிறகு மனிதர். காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு செல்வராஜ் சார் ஏறி வந்தார்.

"இந்தத் திட்டம் போட்டது யாரு?" என்று கத்தினார்.

"நான்தான் சார்" என்றேன்.

"கொஞ்சம் உப்பு குடுங்க. அட்டை இன்னும் ரெண்டு இருக்கு."

உப்பு வந்தது. அட்டை போனது. சார் முகம் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மழையில் தகரக் கூரை போட்ட சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது. தாய்மார் ஒருத்தரும் நகரவில்லை. பாடம் முடிந்ததும் அவர் சப்பாத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பிள்ளைகளிடம் திரும்பினார். "அடுத்த செவ்வாய் வட்டம் வரையப் போறோம். எல்லாரும் கொம்பாஸ் பெட்டி கொண்டு வரணும். இல்லாதவங்க வெளியிலதான் நிக்கணும், சொல்லிட்டேன்."

கொள்கை வேலைக்கு வருகிற இளையவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. நான் சொல்வது இவ்வளவுதான். அமைச்சு ஒப்புக்கொண்டது, பணிப்பாளர் அனுமதித்தார், துரை சீட்டுக் கொடுத்தார் என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். அதெல்லாம் பெற்றவர்களிடம் எடுபடவில்லை. படிப்பிக்க வந்தவர் அடுத்த கிழமைக்கு வேலை சொல்லிவிட்டுப் போனதைத்தான் அவர்கள் நம்பினார்கள். பரிந்துரை எழுதும்போது முதல் நாளைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள், இரண்டாவது செவ்வாயையும் எழுதுங்கள்.

அன்று சார் இறங்கிப் போனதும் முருகையா என்னிடம் வந்தார்.

"கொம்பாஸ் பெட்டின்னா எந்தக் கடையில இருக்கும் டீச்சர்?"

பஜாரில் கடையைச் சொன்னேன். மத்தியானமே இறங்கிப் போய் வாங்கிவந்து மகள் கையில் கொடுத்தார். சாயந்தரம் பஸ்ஸில் அவர் தனியாகத்தான் கொழும்புக்குப் போனார்.