கேன் தண்ணீரில் துடைத்த ஷூ

மீஞ்சூர் பக்கம் கடலோரத்தில் குழாய் பதிக்கும் வேலை முடிந்தபோது என்னிடம் மிஞ்சியது ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. விரல் பக்கம் உள்ளே இரும்பு வைத்த தோல் ஷூ. நாங்கள் தோண்டிய பள்ளத்தில் எந்நேரமும் உப்புத் தண்ணீர் நிற்கும். அதற்குள்தான் நாங்களும் நின்றோம். சாயங்காலம் கழற்றி அறை வாசலில் விட்டால் காலையில் தோல் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு போவேன்.

அடுத்த வேலை கும்மிடிப்பூண்டியில், இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் கிடைப்பதாக இருந்தது. ஆள் எடுக்கும் ஏஜென்ட் போனில் சொன்னார்: “திங்கக்கெழம காலைல வந்துரு. ஷூ உன்னுதே போட்டுக்கினு வா. வேலைல நின்னீன்னா அப்பால கம்பெனி ஷூ தருவாங்க. கேட்ல மூஞ்சிய பாக்க மாட்டாங்க, கால தான் பாப்பாங்க. வெடிச்சுப் போன ஷூன்னா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் என்னாண்ட வந்து நிக்காத.”

புது ஷூ வாங்க வழியில்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவன். திருப்பூர், ஓசூர், ஒரகடம் என்று மாறி மாறிப் போய்ப் பழகியவன்தான். ஓர் இடம் அலுத்தால் நானாகவே கிளம்பிவிடுவேன். ஆனால் அந்த முறை உடம்பு ஒத்துழைக்கவில்லை. கேட்டைத் தாண்டினால் இதே அறையில் இருக்கலாம். தாண்டாவிட்டால் மறுபடி பையைத் தூக்க வேண்டும். அதை நினைத்தாலே அசதியாக இருந்தது.

சனிக்கிழமை காலை போர்வெல் பைப்படியில் உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் ஷூவைத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளையெல்லாம் போய்க் கறுப்பு தெரிந்தது. சீக்கிரம் காயட்டும் என்று தகரக் கூரைமேல் வெயிலில் வைத்தேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் தோல் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. போதாததற்கு, முன்பைவிடக் கனமாக வெள்ளை பூத்திருந்தது.

அறையில் என்னோடு இருந்தவர் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். அத்திப்பட்டில் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் ராத்திரி வேலை. பகலெல்லாம் பாயில் கிடப்பார். படுத்தபடியே கேட்டார்.

“இன்னா நைனா, வத்தல் போட்டுக்கீற?”

“கழுவினேண்ணே. மறுபடி பூத்துக்கினு வருது.”

“எதுல கழுவுன?”

“போர் தண்ணில.”

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “உப்ப எடுக்க உப்புத் தண்ணியா? சோப்பு போட்டா நுரையே வராது அதுல. வாய் கொப்புளிக்கும்போது கூடவா தெரியல உனக்கு?”

தெரியாமல் என்ன. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ போர் தண்ணீர். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஷூ கழுவுகிற சாமான், அதனால் கை தானாகப் பைப்புக்குப் போய்விட்டது.

கேனில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கேன் போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்.

“எடுத்துக்கோ,” என்றார் அண்ணன். “நாளைக்கு ரசம் கெடையாது, அவ்ளோதான். என் ரசத்த உன் ஷூ குடிச்சுதுன்னு நெனச்சுக்கறேன்.”

ஒரு சொம்பு எடுத்தேன். தெருமுனை ஃப்ரைடு ரைஸ் கடையில் கொஞ்சம் வினிகர் கேட்டு வாங்கிக் கலந்தேன். ஊற்றவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, துடைத்து, மறுபடி நனைத்துப் பிழிந்தேன். கடைசியில் தோலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே பேப்பரைச் சுருட்டித் திணித்து, இந்த முறை வெயிலில் இல்லாமல் அறை மூலையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உப்பு வரவில்லை. ஆனால் தோல் அட்டை மாதிரிதான் இருந்தது. விரல் மடங்கும் இடத்தில் சின்னச் சின்ன வெடிப்பு. அண்ணன் குதிகால் வெடிப்புக்கு வைத்திருந்த விளக்கெண்ணெயை எடுத்து நீட்டினார். பாட்டிலை வெயிலில் சற்று வைத்து, எண்ணெய் இளகியதும் பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தேன். முதலில் மேலேயே நின்றது. பிறகு மெதுவாக உள்ளே இறங்கியது. காயக் காய மறுபடி தேய்த்தேன். சாயங்காலம் கையால் வளைத்தபோது முறுக்கு ஒடிவது போன்ற சத்தம் நின்றிருந்தது. இடது ஷூவில் ஒரு வெடிப்பு மட்டும் மூடவில்லை. அதில் மெழுகுவர்த்தியை உருக்கி விட்டு, மேலே பாலிஷ் போட்டேன்.

திங்கட்கிழமை கேட்டில் வரிசை நின்றது. செக்யூரிட்டி கையில் தடியோடு ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்றவரின் ஷூவில் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. அவரை ஒன்றும் கேட்காமல் வெளியே காட்டினார். அந்த ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

என்னிடம் வந்தவர் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். விரலை மோந்து பார்த்தார்.

“இன்னாய்யா, ஷூவுக்குப் பேதிக்குக் குடுத்துக்கினு வந்துகீற?”

வரிசை சிரித்தது.

“காஞ்சு போச்சு சார். அதான்.”

“கால மடக்கு.”

மடக்கினேன். மெழுகு உதிர்ந்து வெடிப்பு தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தார், உள்ளே இறங்கவில்லை.

“மேல் தோல் தான் போயிருக்கு. ரொம்ப நாளு வராது இது.”

“தெரியும் சார்.”

“போ உள்ள.”

உள்ளே என்னை இரும்பு காய்ச்சும் உலைப் பக்கம் நிறுத்தினார்கள். மத்தியானத்துக்குள் தோல் மறுபடி காலைப் பிடிக்க ஆரம்பித்தது. திரும்பும் ரயிலில் குனிந்து தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் போட்ட சுவடே இல்லை.

அறைக்கு வந்தபோது அண்ணன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். எண்ணெய் பாட்டில் ஜன்னலில் இருந்தது. அவர் குதிகாலுக்குக் கொஞ்சம் விட்டுவைத்து, மற்றதைத் துணியில் ஊற்றி, இடது ஷூவிலிருந்து ஆரம்பித்தேன்.