மழை பதிந்த வில்லைகள்

போன வாரம் சமையலறைத் தண்ணீர் வடிகட்டியை மாற்றும்போது பழைய உருளை உடைந்து கை முழுக்கக் கரி. வீட்டுக்காரர் துணி நீட்டினார். நான் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரிக்கு வாசனை கிடையாது என்பது தெரியும். எனக்கென்னவோ ஜொகூர் பாருவில் முதுகலை படித்த ஆய்வுக்கூடம் மணந்தது.

அப்பாவுக்குக் காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. என் ஆராய்ச்சிக்கான கொட்டை ஓட்டைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். "கரிக்குக்கூட மாஸ்டர்ஸ் இருக்காமா?" என்று கேட்டவர் ஒரு சாக்குகூடத் தாமதித்ததில்லை.

ஓட்டைக் கரியாக்கிப் பாதியை அமிலத்தில் ஊறவைப்பேன். அமிலம் கரியின் மேற்பரப்பில் புதிதாக எதை ஒட்டவைத்தது என்பதை அகச்சிவப்புக் கதிர்க் கருவி காட்ட வேண்டும். கரி அந்தக் கதிரை விழுங்கிவிடும். அதனால் ஊசிமுனையளவு கரியை, கதிரைத் தடுக்காத புரோமைடு உப்போடு அரைத்து, சட்டைப் பொத்தான் அளவு வில்லையாக அழுத்துவோம். அரைத்து அரைத்து வலது தோள் மட்டும் பெருத்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

பலன் வந்தது. கருவி வரைந்த கோட்டில் அமிலக் கரிக்கு மட்டும் ஹைட்ராக்சில் மேடு மலையாக எழுந்திருந்தது. அதிகம் பேசாத மலாய்க்காரர் என் மேற்பார்வையாளர், அவரே சிரித்துவிட்டார். வியாழக்கிழமை துறைக் கருத்தரங்கில் அதைச் சொல்ல வேண்டும்.

திங்களன்று பக்கத்து மேசை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "கரி இல்லாம வெறும் உப்ப ஓட்டிப் பாத்தியா லா?"

"ஆரம்பத்துல ஒரு தடவ."

உடனே வெறும் உப்பைக் கருவியில் ஓட்டினேன். கரியே இல்லாத வில்லையில் அதே மலை.

சாதாரணக் கரியை வெயில் மாதங்களில் அளந்திருந்தேன், அமிலக் கரியை அடைமழையில். அடுப்பில் உலர்த்திய சூடான உப்பை ஜன்னலோரம் ஆறவைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போவது என் வழக்கம். நான் திரும்புவதற்குள் உப்பு ஈரத்தைக் குடித்திருக்கிறது. தண்ணீருக்கும் அதே ஹைட்ராக்சில் மேடுதான். இத்தனை நாளும் மழையை அளந்திருக்கிறேன்! வெட்கத்தில் அழுகை வந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "புவாட் செமுலா" என்றார். மறுபடி செய் என்று அர்த்தம். கருத்தரங்குப் பட்டியலில் என் பெயரை அடித்தார்.

நாற்பது வில்லைகள். உப்பை மூடிய ஜாடியில் ஆறவைத்தேன். ஒவ்வொரு நாளும் முதலில் ஒரு வெறும் வில்லை. தே தாரிக்கை நிறுத்தினேன். மலை இரண்டு கரியிலும் ஒரே அளவுக்குத் தணிந்தது. ஆனால் அமிலக் கரியில் மட்டும், அமிலம் நிஜமாகவே ஒட்டவைத்த ஒரு சின்னக் கார்போனைல் மேடு, எத்தனை முறை ஓட்டினாலும், அங்கேயே நின்றது. அதை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன்.

இப்போது பொடியை அப்படியே கருவியில் வைத்து அழுத்துகிறார்களாம். அரைப்பதும் இல்லை, வில்லையும் இல்லை. பொய் மலை காட்டிய வில்லை ஒன்றை மாத்திரை டப்பாவில் வைத்திருந்தேன். அன்று வடிகட்டிக் கரி போகக் கை கழுவிவிட்டு அதைத் திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம் சாம்பல் நிற ஈரம்தான் இருந்தது.