கானியோ எடுத்த, கல்யாணம் இல்லாத படம்

என் வீட்டுக்காரர் கானியோ கல்யாண வீடியோ எடுப்பவர். எங்கள் ஊரான பியேத்ராமாராவிலும் சுற்றியுள்ள மலை ஊர்களிலும் எந்தக் கல்யாணமும், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவும் அவர் காமிராவுக்குத் தப்பியதில்லை. அழுகிற மணப்பெண்ணை அழகாகக் காட்டுவார், குடித்த மாமனைக் காட்டாமல் விடுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், கல்யாணமே இல்லாத ஒரு படம் எடுக்கப் போகிறேன் என்றார்.

"நாப்பது வருஷத்துக்கு முந்தி வந்த நிலநடுக்கத்துல பிழைச்சவங்க பேசணும், மிக்கெலினா. அவங்களும் போயிட்டா யாரு சொல்லுவா?"

"பேசணும்னு அவங்க வந்து உங்ககிட்ட அழுதாங்களா?" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

ஊரெல்லாம் அலைந்தார். எல்லோரும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: தரை ஆடிச்சு, வீடு விழுந்துச்சு, கடவுள் விட்ட வழி. அப்புறம், வந்ததுதான் வந்தாய், இந்த டிவியில் ஏன் படம் தெரியவில்லை பார் என்றார்கள். படம் நகரவில்லை, ஊரிலுள்ள டிவிகள்தான் சரியாயின.

அவருக்கு உண்மையில் வேண்டியது இன்கொரோனாத்தா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். பதினேழு வயதில், இடிந்த வீட்டுக்கு அடியில் தன் தோழி ரொசீனாவோடு மாட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் தோண்டி எடுத்தபோது இவளுக்கு உயிர் இருந்தது, ரொசீனாவுக்கு இல்லை. இவளுடைய அப்பா அம்மாவும் அதே வீட்டில் போனார்கள்.

ரொசீனாவின் அக்கா ஜெரார்தா எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். அன்றிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேலாக இன்கொரோனாத்தா அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ரொட்டிக் கடையில் ஜெரார்தா நின்றால் இவள் ரொட்டி வாங்காமலே திரும்பிவிடுவாள். ஊருக்குக் கதைகட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? இருந்த தண்ணீரை இவளே குடித்துவிட்டாள், இவளை முதலில் இழுக்கச் சொல்லிக் கத்தினாள் என்று ஆளுக்கு ஒன்று. இன்கொரோனாத்தா எவரிடமும் வாய் திறக்கவில்லை.

கானியோ போகும்போதெல்லாம், "பட்டன் தைக்கணும்னா தா, இல்லாட்டி கிளம்பு" என்று அனுப்பிவிடுவாள்.

ஒரு மத்தியானம் காப்பித்தூளும் சர்க்கரையும் தீர்ந்துவிட்டதென்று இவரைக் கடைக்கு அனுப்பினேன். வாங்கிய கையோடு நேரே வீட்டுக்கு வந்திருந்தால் அவர் கானியோவே இல்லை. கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்ப்போம் என்று இன்கொரோனாத்தா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். ஒரு கையில் காப்பிப் பொட்டலம், இன்னொரு கையில் சர்க்கரை, தோளில் காமிரா.

துக்க வீட்டுக்குப் போகிறவர் காப்பியும் சர்க்கரையும் கொண்டுபோவது எங்கள் வழக்கம். வாங்கிக்கொள்கிறவர் வந்தவரை உட்காரவைத்து, போனவர் எப்படிப் போனார் என்று முதலிலிருந்து சொல்வார். நிலநடுக்கம் வந்த வருஷம் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. எல்லா வீட்டிலும் சாவு, போய் உட்கார வீடும் இல்லை.

இன்கொரோனாத்தா அந்தப் பொட்டலங்களையே பார்த்தாளாம். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாளாம்.

"இத்தனை வருஷம் கழிச்சாவது ஒருத்தன் வந்தியேடா தம்பி. உள்ள வா."

இது எங்கள் வீட்டுக்கு வாங்கினது என்று சொல்லக்கூடிய ஆளா இவர்? உட்கார்ந்தார். காமிராவை மேசைமேல் வைக்கலாமா என்று மட்டும் கேட்டார்.

"வச்சுக்கோ. துக்கம் கேக்க வந்தா எல்லாத்தையும் கேட்டுத்தான் ஆகணும்."

நான் வீட்டில் பாலைக் காய்ச்சி வைத்துக்கொண்டு இவரைக் கரித்துக் கொட்டினேன். சாயங்காலம் வந்தவர் படத்தைப் போட்டுக் காட்டினார். வைவதற்கு வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் காலையில் இன்கொரோனாத்தா கழுத்தில் அளவு நாடாவோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அதை அழிச்சிடு கானியோ. ஜெரார்தா பாத்தா செத்துடுவா. இல்லேன்னா என்னைக் கொன்னுடுவா."

அது இல்லாமல் படம் இல்லை. இவர் முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் கல்யாண வீடியோக்காரர் அல்லவா? எங்கள் பக்கத்தில் சம்பந்தியம்மாக்கள் இருவரும் பார்த்துத் தலையாட்டாமல் எந்தக் கல்யாணப் படமும் வெளியே போகாது. மூக்கு பெரிதாகத் தெரிகிறதென்றால் அங்கேயே வெட்டு.

"முதல்ல ஜெரார்தாக்கா மட்டும் பாக்கட்டும்க்கா. அவங்க வெட்டுன்னா வெட்டிடறேன். படமே வேண்டாம்னாலும் சரி" என்றார்.

இன்கொரோனாத்தா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "காட்டு. நான் கடையைப் பூட்டிட்டு உள்ள இருக்கேன்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஜெரார்தா எங்கள் சமையலறைக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கானியோ பொத்தானை அமுக்கினார்.

திரையில் இன்கொரோனாத்தா பேசினாள். "இருட்டு. ரொசீனா என் கையைப் புடிச்சிருந்தா. அன்னிக்கு மத்தியானம் அவ அக்கா வீட்டுலதான் ரெண்டு பேரும் சாப்பிட்டோம். திடீர்னு சொல்றா, ஜெரார்தா கிண்டின பாஸ்தாவை வச்சு இந்தச் சுவரைப் பூசியிருந்தா விழுந்தே இருக்காதுடி! ரெண்டு பேரும் சிரிச்சோம். மண்ணு வாயில போக, போக, சிரிச்சோம். அப்புறம் ஜெரார்தா மாதிரியே பாடிக் காட்டினா. அதுக்கும் சிரிச்சோம். பிறகு தூக்கம் வருதுன்னா. வெளிய என்னைத் தூக்கினப்போ ஜெரார்தா ஓடிவந்து, என் தங்கச்சி என்னடி சொன்னான்னு கேட்டா. நான் என்னன்னு சொல்ல? உன்னைக் கிண்டல் பண்ணிட்டே போயிட்டான்னா?"

கானியோ நிறுத்தினார். ஜெரார்தா அசையவில்லை.

"திருப்பிப் போடு."

போட்டார். பார்த்தாள்.

"அவதான். அந்தக் கொழுப்பு அவ வாய்க்குத்தான் வரும்." கைப்பை கீழே விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. "அக்கா அக்கான்னு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பயந்து கிடந்து செத்தான்னு நெனச்சேனே, மிக்கெலினா. அந்தக் குரலு என் காதுல கேக்காத நாளே இல்ல." என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். எங்கள் மூன்று பேரிலும் அதிகமாக அழுதவர் கானியோதான்.

பிறகு அவள் எழுந்து நேரே தையல் கடைக்குப் போனாள். பூட்டிய கதவைக் கையால் அறைந்தாள்.

"திறடி கழுதை! இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமா?"

கதவு திறந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெருவே எட்டிப் பார்த்ததால் ஜெரார்தா கதவைச் சாத்திவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் இருவரும் வெளியே வரவில்லை.

கோயில் கூடத்தில் படம் போட்ட அன்று ஊரே வந்திருந்தது. ஜெரார்தாவும் இன்கொரோனாத்தாவும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த இடம் வந்தது. சுவர், பாஸ்தா. கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெரார்தாவின் முதுகையே பார்த்தார்கள்.

அவள் திரும்பினாள்.

"சிரிச்சுத் தொலைங்களேன்! அதுக்குத்தானே அவ சொன்னா."