தங்கூசி கட்டிய கிதார்

தங்கூசி என்றால் தூண்டிலில் கட்டுகிற நைலான் நரம்பு. தூத்துக்குடியில் அந்தச் சொல் தெரியாத பையன் கிடையாது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என் அக்காவின் கிதாரை நான் கெடுத்தேன்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. எனக்குப் பதினோரு வயது. அப்பா நாசரேத்துக்காரர், பள்ளித் தலைமையாசிரியர். அக்கா பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். விடுதியில் உடனிருந்த பெண்ணின் கிதாரில் சில பாட்டுகள் வாசிக்கக் கற்றிருந்தாள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டபோது, ரயில் எஞ்சின் வாங்கித் தரச் சொன்னதுபோல் அப்பா திகைத்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இணங்கினார். அசனப் பண்டிகை அன்று, ஆராதனை முடிந்து சபை முழுவதும் அசனம் என்கிற பொதுச் சாப்பாட்டுக்குப் பந்தியில் உட்காருவதற்கு முன்னால், கோயிலில், அதாவது சர்ச்சில், அவள் வாசிக்க வேண்டும். சபையார் முகம் சுளிக்காவிட்டால் தொடர்ந்து வாசிக்கலாம். சுளித்தால் அதோடு சரி.

வாத்தியக் கடையில் ஆர்மோனியங்களுக்கு மேலே இரண்டு கிதார்கள் தொங்கின. ஒன்று பெரியது, கறுப்பில் முகம் தெரிகிற பளபளப்பு, நடுத்துளையைச் சுற்றிச் சிப்பி பதித்த வளையம், இரும்புக் கம்பிகள். மற்றது சிறியது, பலாப்பலகை நிறம், எந்த அலங்காரமும் இல்லை. எதை வாங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கடைக்கார அண்ணாச்சிக்கும் வரவில்லை; கறுப்பைத்தான் முதலில் இறக்கினார்.

அக்கா அதை மடியில் வைத்து வாசித்துப் பார்த்தாள். பிறகு விரல் நுனிகளை அப்பாவிடம் காட்டினாள். கம்பி பதிந்த கோடுகள் சிவந்திருந்தன. சிறியதை எடுத்து, ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நேர் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் இடமாக அமுக்கிப் பார்த்தாள்.

"இதுதான்ப்பா. அதுல கம்பி ரொம்ப மேல நிக்கி, அமுக்க அமுக்க வெரலு கிழிஞ்சிரும். புதுசாப் படிக்கவங்களுக்கு இந்த நைலான் நரம்புதான் நல்லது."

நான் எட்டிப் பார்த்தேன். "ஏ அக்கா, இது தங்கூசில்லா! மீன் புடிக்கவா போற?"

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். அக்காவின் முகம் சிவந்தது, ஆனால் கிதாரைக் கீழே வைக்கவில்லை.

"இந்த நரம்பு போச்சுன்னா நம்ம ஊர்ல கெடைக்காது சார், மெட்ராஸ்லதான்" என்றார் அண்ணாச்சி. "ஒரு கம்பி செட்டும் பையில போட்டுத் தாரேன். வேணும்னா பொறவு மாத்திக்கிடுங்க."

"இதுல கம்பி போடக் கூடாது அண்ணாச்சி. கட்டை தாங்காது."

"அதெல்லாம் தாங்கும்மா. நான் எத்தனை வித்திருக்கேன்!"

விற்கிறவருக்குத் தெரியாதது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பையன் புன்னைக்காயல்காரன்; அவன் அப்பாவுக்குப் படகு உண்டு. தங்கூசி வேடிக்கையை அவனிடம் நானே சொல்லிச் சிரித்தேன். மறுநாள் வகுப்பே என்னைப் பார்த்துக் கேட்டது: "ஏலே, ஒங்கக்கா தங்கூசில சீலா மீனு மாட்டுச்சா, வெறும் கெளுத்திதானா?" போதாததற்கு அந்தக் கிதாரின் சத்தம் அடுத்த அறைக்குக்கூட வராது. அவ்வளவு பெரிய கோயிலில் யார் காதில் விழும்? அவளுக்கு நல்லது செய்வதாகவே நம்பினேன் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. பாதிதான் உண்மை.

பண்டிகை அன்று காலையில், அசனத்துக்குக் காய் நறுக்க அக்கா முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டாள். நான் கிதாரை எடுத்து, நரம்புகளை அவிழ்த்து, சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். புன்னைக்காயல்காரனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். இரும்புக் கம்பிகளை மாட்டி, சத்தம் கணீரென்று வரும்வரை முறுக்கினேன். கிதாரைப் பையில் போட்டு நானே சுமந்துபோய் அவளிடம் கொடுத்தேன்.

போதகர் பாட்டை அறிவித்த பிறகுதான் அவள் பையைத் திறந்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். முன்பாயில் பையன்களோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அவசரமாகக் கம்பி முறுக்கும் சாவிகளைத் தளர்த்தத் தொடங்கினாள். அதற்குள் பாடகர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். வாசித்தாள். கம்பிச் சத்தம் கடைசி வரிசைவரை போயிற்று. ஒரு சரணம் முழுவதும் நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் சரணத்தில் வெடித்தது. வெடிதான் என்று நினைத்தேன். கம்பிகளைப் பிடித்திருந்த அடிக்கட்டை பலகையிலிருந்து பெயர்ந்து தெறித்தது. கம்பி ஒன்று சாட்டையாக எழும்பி அக்காவின் கண்ணுக்குக் கீழே அறைந்தது. வெள்ளைச் சேலையில் இரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே அசனச் சாம்பாரைக் கிண்டுகிறவர்களின் கரண்டி அண்டாவில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"கோயிலுக்குள்ள இதையெல்லாம் கொண்டு வந்தா வேற என்ன நடக்கும்?" என்றார் சபைப் பெரியவர் ஒருவர்.

அப்பா ஓடிவந்து துண்டால் காயத்தை அழுத்தினார். "கம்பிய மாத்துனது யாரு?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "நாந்தான்ப்பா."

"ஏளா, போடக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"சத்தம் பத்தாதுன்னு நெனச்சேன்."

"ஒண்ணும் தெரியாமத்தான் இத்தனை ஆட்டமா?" என்றார் அப்பா, எல்லோரும் கேட்க. நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா அறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது, இமை வீங்கியிருந்தது. மடியில் கிதார். பெயர்ந்த கட்டையைத் துடைத்து ஒரு தாளின்மேல் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில், தச்சர்கள் மரம் ஒட்டுகிற வச்சிரப்பசை.

"ஏலே, பழைய தங்கூசி எங்க?" என்றாள். என் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பாவிடம் காட்டச் சாட்சி தேடுகிறாள் என்று நினைத்தேன். "கடல்ல போட்டுட்டேன்."

"ஆறு நரம்புமா?"

"ஆறு நரம்பும்."

சுருள் என் கால்சட்டைப் பைக்குள்தான் இருந்தது. பேசும்போது என் விரல் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் பள்ளிக்குப் போகுமுன் கடலுக்குள் நீளும் பழைய பாலத்துக்கு ஓடி, சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டு வந்தேன்.

கட்டை ஒட்டப்படாமலே கிதார் அலமாரிக்கு மேலே போனது. பிறகு அவள் ஒன்றையும் வாசிக்கவில்லை. கம்பியை மாட்டியது நான்தான் என்று அப்பாவிடம் அவர் சாவதற்கு முன்பு சொல்லிவிட்டேன். நரம்பு பையில் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட.

அந்தச் சிரட்டை பல நாள் ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. பசை கல்லாக இறுகியிருந்தது. நான் அதை எடுத்துச் சுவரில் எறிந்து விளையாடினேன். அது எதற்காகக் காய்ச்சியது என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.