தானே ஓடும் குழந்தை

ஜெயலக்ஷ்மி அடுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று அப்போது அவளை ஒருத்தரும் கேட்டதில்லை. பள்ளியை விட்டுவிட்டு, வைட்ஃபீல்டில் பாடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள் பாருங்கள், அன்றிலிருந்து வேறு பேச்சே கிடையாது. அந்த ஆபீசில் மருந்துக்குக்கூட ஒரு குழந்தை இல்லை; அதனால் நிம்மதியாக ஆராயலாம்.

ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. கற்றல் கோட்பாடுகளை எல்லாம் இன்ஃபோகிராஃபிக் என்கிற ஒரே விளக்கப்படத்தில், பார்த்த பத்து செகண்டில் புரிகிற மாதிரி, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டலாம். நூறு வருஷமாகப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்துக்குப் பத்து செகண்டாம், நல்ல கூத்து! ஆனாலும் நாற்பத்தாறு வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

மூன்று கட்டம் போட்டாள். மணியடித்து, மிட்டாய் கொடுத்துப் பழக்குவது முதல் கட்டம். மண்டைக்குள் அலமாரி வைத்து அடுக்குவது இரண்டாவது. மூன்றாவதுதான் உசத்தி: குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது. படம் வரைகிற கன்னடக்காரப் பையன் தருணுக்கு, கன்னடத்தை ஆங்கில எழுத்தில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: 'மகு தானே ஓதுத்தெ'. குழந்தை தானாகவே படிக்கிறது என்று அர்த்தம். கன்னடத்தில் ஓது என்றால் படி. ஓடு என்றால் நம்ம ஓட்டம்தான். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். தருண் ஓட்டத்தை எடுத்துக்கொண்டான்.

அவசரத்தில் படம் நேரே மீட்டிங்குக்குத்தான் வந்தது. பெரிய திரையில்தான் ஜெயலக்ஷ்மியே அதை முதல்முதலாகப் பார்த்தாள். மூன்றாவது கட்டத்தில் ஒரு பெண் குழந்தை, புத்தகப்பையோடு, கட்டத்தின் கோட்டையும் தாண்டி, தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

மேலதிகாரி வைத்தீஸ்வரன் மோவாயைத் தடவினார். "வாவ்! கிளாஸ்ரூமையே உடைச்சிட்டு வெளிய போறா! செம கான்செப்ட், ஜெயலக்ஷ்மி. எப்படித் தோணிச்சு?"

தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. வேலை கண் முன்னால் நின்றது.

"தானா தோணிச்சு சார்," என்றாள்.

"பத்து செகண்ட் டெஸ்டும் பண்ணிடலாம்." டீ கப்புகளை எடுக்க வந்த லட்சுமம்மாவை அவர் நிறுத்தினார். "இதுல உனக்கு என்னம்மா புரியுது?"

லட்சுமம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "மணி அடிக்கிறாங்க. மண்டைய அலமாரியா ஆக்கிட்டாங்க. பாப்பா பயந்து ஓடுது சார்."

"ஏழே செகண்ட்! அப்ரூவ்ட்!" என்றார் வைத்தீஸ்வரன். எல்லோரும் கைதட்டினார்கள். லட்சுமம்மா என்ன சொன்னாள் என்பது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை, ஜெயலக்ஷ்மியைத் தவிர.

சாயங்காலம் வேலை நிரந்தரம் என்று மெயிலில் உத்தரவு வந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று ஜெயலக்ஷ்மி அதை இரண்டு முறை படித்தாள். லட்சுமம்மா கை துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"நீங்க இஸ்கூல்ல டீச்சரா இருந்தீங்களாமே மேடம். உங்க கிளாஸ்லயிருந்தும் புள்ளைங்க இப்படித்தான் ஓடுமா?"

ஜெயலக்ஷ்மி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"புள்ளைங்க எல்லாம் அங்கேயேதான் இருக்கு லட்சுமம்மா. ஓடி வந்தது நான்தான்."