பொங்கல் மஞ்சள் புதைத்த பாத்தி

அழுகிய மஞ்சள் கிழங்கில் மஞ்சள் வாசனையே இருக்காது. மறந்துபோன மீன் பையைத் திறந்ததுபோல் ஒரு நாற்றம் அடிக்கும், விரலில் ஒட்டினால் சோப்புக்கும் லேசில் மசியாது. எனக்கு அது பத்து வயதில் அறிமுகமானது, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த சமூகத் தோட்டத்தில். அதற்குக் காரணம் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் எந்தக் குப்பையும் சமையலறைச் சுவரிலிருக்கும் "சூட்" என்ற குப்பைக் குழாய் வழியாகக் கீழே போகலாம், பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து மட்டும் போகக் கூடாது. "சாமிக்கு வெச்சதைச் சூட்ல போடாதடி, செடி அடியில போட்டுட்டு வா" என்பார் அம்மா. ஒன்பதாவது மாடிக்காரர்களுக்குச் செடிக்கு எங்கே போவது? அதனால் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் கழிந்ததும் வாடிய கொத்தையும் மாவிலையையும் கரும்புத் தோகையையும் ஒரு பையில் திணித்து என்னிடம் கொடுப்பார். நான் லிஃப்ட்டில் இறங்கித் தோட்டத்து மாமரத்தடியில் கொட்டிவிட்டு வருவேன்.

அந்த ஆண்டு தேக்கா சந்தையில் வாங்கிய கொத்தில் ஒரு கிழங்கு பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. அம்மா நல்லவற்றை மட்டும் ஒடித்து வைத்துக்கொண்டு மீதியைப் பையில் போட்டார். கீழே போனால் மாமரத்தடி முழுக்கக் கட்டெறும்பு. மஞ்சளை மஞ்சளோடு சேர்ப்பதுதானே நியாயம் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டு ரஹ்மா ஆன்ட்டியின் மஞ்சள் பாத்தியில், மண் பொலபொலவென்றிருந்த ஒரு மூலையில், கொத்தைக் கட்டியிருந்த ரோஸ் நிற ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல், பையிலிருந்த எல்லாவற்றையும் புதைத்துவிட்டு வந்தேன். ஆன்ட்டிக்கு உரம் போட்டுவிட்டோம் என்று பெருமை வேறு.

அந்தப் பாத்தி சாதாரணப் பாத்தி இல்லை. ஆன்ட்டி தமிழ் முஸ்லிம், அவருடைய மாமியார் மலாய்க்காரர். கம்போங்கில், அதாவது பழைய கிராமத்தில், இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு மாடி வீட்டுக்கு வந்தபோது மாமியார் துணியில் முடிந்து கொண்டுவந்த கிழங்கின் வாரிசுகள்தான் அங்கே இருந்த அத்தனை செடியும். மாமியார் போன பிறகும் ஆன்ட்டி அந்த இலையைப் பறித்து, நூலாக நறுக்கிப் போட்டுத்தான் ஹரி ராயா பெருநாளுக்குத் தேங்காய்ப் பாலில் சுண்ட வைக்கும் ரெண்டாங் கறி சமைப்பார். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்பதால் எங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் கோழி ரெண்டாங் வரும். மாமியார் ஞாபகமாக அவரிடம் வேறு பொருள் ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆசையாகக் கிளறிப் பார்த்தேன். தோகையும் மாவிலையும் பாதி மக்கியிருந்தன, மஞ்சள் கிழங்கும் தண்டும் போன இடமே தெரியவில்லை. இந்த ஊர் மழையிலும் புழுக்கத்திலும் மண் அவ்வளவு வேகமாகச் சாப்பிடும். ஆனால் தண்டு மக்கினாலும் தண்டில் இருந்த நோய் மக்கிவிடுவதில்லை, அடுத்த வேர் கிடைக்கும் வரை மண்ணிலேயே காத்துக் கிடக்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருஷம் ஆனது.

நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு, நான் புதைத்த மூலையிலிருந்த செடியின் இலைகள் ஓரத்திலிருந்து பழுத்தன, பிறகு அதற்கடுத்த செடி, பிறகு அதற்கும் அடுத்தது. ஆன்ட்டி இலையை இழுத்தபோது தண்டு கையோடு வந்துவிட்டது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஆ ஹோக் அங்கிள், ஒரு காலத்தில் காய்கறிப் பண்ணை வைத்திருந்த சீனர், மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி முகர்ந்து பார்த்து, "தானா சாக்கிட் லா" என்றார். மண்ணுக்கே நோய் என்று மலாயில் அர்த்தம். இஞ்சியும் மஞ்சளும் இனி சில வருஷம் இங்கே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கிப் பிளாஸ்டிக் பைகளில் கட்டினார். பிடுங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ரோஸ் நிறக் கயிறு ஒன்று முழுசாக வெளியே வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, அது எந்தக் கயிறு என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

"நான்தான் தண்ணியை ஜாஸ்தியா ஊத்திட்டேன்" என்று ஆன்ட்டி திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஹரி ராயாவுக்குக் கடையில் வாங்கிய மஞ்சள் இலை போட்ட ரெண்டாங் வந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு ஆன்ட்டி வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார். பானையில் கட்டியிருந்த கொத்தைப் பார்த்து அம்மா, பாவம், நல்ல மனசோடு சொன்னார்: "அக்கா, இதுல ஒரு கிழங்கு எடுத்துட்டுப் போங்களேன், வேற எங்கயாச்சும் நட்டுப் பாருங்க." ஆன்ட்டி சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"வேணாம் ஆன்ட்டி!" என்று கத்திவிட்டேன். அப்புறம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்: கட்டெறும்பு, அழுகல் கிழங்கு, கயிறு. அம்மா என் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினார். ஆன்ட்டி என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அப்ப நான் தண்ணி ஊத்துனதால இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "ஒரு வருஷமா நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன் புள்ள" என்றார்.

அந்த ஹரி ராயாவுக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் மட்டும் வந்தது. ரெண்டாங் அதற்கடுத்த வருஷம்தான் வந்தது, நானும் சாப்பிட்டேன்.

இப்போது அந்த புளோக்கே இல்லை, தோட்டம் இருந்த இடத்தைத் தகர வேலி அடைத்திருக்கிறது. ஆன்ட்டி ஜூரோங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் இன்னமும் பொங்கலுக்குத் தேக்காவில்தான் கொத்து வாங்குகிறேன். முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து, கிழங்கைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, சூட்டைத் திறந்து போட்டுவிட்டு, அது கீழே விழும் சத்தம் கேட்ட பிறகுதான் மூடுகிறேன். தம்பி வீட்டிலிருந்து அம்மா தவறாமல் போன் செய்து, "மஞ்சக் கொத்தை எங்கடி போட்டே?" என்று கேட்பார்.

"செடி அடியிலதாம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.