ஜெசிந்தா அம்மையார் கொண்டுவந்த கேன்கள்

வரிசை இல்லாமல் எனக்கு எழுத வராது. ஆகவே முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. செய்தி வந்தது
2. ஜெசிந்தா அம்மையாரின் வேலை
3. அவர் செய்த ஒரே பிழை
4. விடை

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். "சார், அம்மா போயிட்டாவ."

மக்கள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அறிய எங்கள் ஆய்வுக்கூடம் தூத்துக்குடியில் ஓர் ஆய்வு நடத்தியது. கேட்டால் மறந்துபோவார்கள், அல்லது கூச்சப்படுவார்கள். ஒரு நாள் முழுதும் கழிக்கும் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தால், உப்பும் புரதமும் எவ்வளவு உள்ளே போயின என்று தெரிந்துவிடும். வீடு வீடாகக் கேன் கொடுத்து வாங்கிவந்தவர் ஜெசிந்தா அம்மையார். சோதித்தவன் நான்.

முதல் நாள் அவருடன் போனேன். கடற்கரைத் தெருவில் ஒரு பெண் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, என்ன தின்னேன்னு எங்கிட்டயே கேட்டா ஆவாதா?"

"கேட்டா தினமும் விலை கூடுன சீலாமீன்னு சொல்லுவிய மதினி. இது பொய் சொல்லாது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நான் தனியே போயிருந்தால் கதவே திறந்திருக்காது.

பிறகு உப்பளத்துப் பெண்களின் கேன்கள் வந்தன. எல்லாவற்றிலும் அளவு மிகக் குறைவு. பாதியைக் கேனில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள் என்றேன்.

"இல்ல சார். நான் கூடவேதான் நின்னேன். சேலையப் பிடிச்சு மறைச்சதே நான்தான். அளத்துல ஒதுங்க இடம் ஏது? அதுக்குப் பயந்து அவிய தண்ணியே குடிக்க மாட்டாவ."

குறைந்தபட்ச அளவு என்று விதியில் ஒன்று இருந்தது. அந்தக் கேன்களை நீக்கினேன். அறிக்கையில் 'சேகரிப்பில் கவனக்குறைவு' என்று எழுதினேன். அடுத்த மாதம் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் சண்டை போடவில்லை. கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்தப் பொம்பளையள மட்டும் விட்டுராதிய சார். வெயில்ல நின்னு தந்தது," என்று சொல்லிப் போனார்.

விட்டுவிட்டேன்.

அடக்கத்துக்கு உப்பளத்துப் பெண்கள் வேலையை விட்டு வந்திருந்தார்கள். கால்களில் உப்பு பூத்திருந்தது. அவர்கள் குழிக்குள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நான் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இந்த அஞ்சலிக் கட்டுரைக்காக அந்த அளவுகளைச் சரிபார்க்க நேற்று பழைய குறிப்பேட்டை எடுத்தேன். கிரியாட்டினின் என்ற பொருளை உடல் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேற்றும், தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும். சேகரிப்பு முழுமையா என்று காட்டுவது அதுதான். அதன் செறிவை என் கையெழுத்தில்தான் குறித்திருக்கிறேன். அதைச் சிறுநீரின் அளவோடு ஒருமுறை பெருக்கிப் பார்த்திருந்தால் போதும். அளவு குறைவு என்றதுமே அன்று நிறுத்திவிட்டேன். நேற்று பெருக்கினேன். ஒவ்வொரு கேனிலும் ஒரு நாளுக்கு உரியது முழுதாக இருந்தது.

மூன்றாவதாகக் குறித்தது தவறு. பிழை அவருடையதன்று, என்னுடையது. கடிதம் எழுதலாம் என்றால் தள்ளிப்போடுவேன். நாளை அவர் மகனிடம் நேரில் போய்ச் சொல்வேன்.

போய் வாருங்கள், அம்மா.